திணிவு இருக்க நிறை எதற்கு?

"சந்திரனுக்குப் போகும் ஒருவரின் நிறை என்ன ஆகும்?" கிளிநொச்சியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று நடந்த அறிவியல் வினாடி வினாவில் இந்தக் கேள்வி வந்தது. "ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும்" என்று ஒரு மாணவி தயங்காமல் சொன்னாள். பிழை என்றார் நடத்துநர். அவர் கையிலிருந்த தாளில் "மாறாது" என்று எழுதியிருந்தது. புள்ளி எதிரணிக்குப் போயிற்று.

அந்தப் பிள்ளை சொன்னது சரி. உயர்தரம் வரை அவள் தமிழில் படித்த பௌதிகவியலில் நிறை என்பது ஈர்ப்பு ஒரு பொருளை இழுக்கும் விசை. சந்திரனில் அது குறைந்தே ஆக வேண்டும். கேள்வியோ தமிழ்நாட்டு நூலொன்றிலிருந்து அப்படியே எடுத்தது. ஒரு பொருளில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்ற, இடத்துக்கு இடம் மாறாத அளவை நாம் திணிவு என்கிறோம், அங்கே நிறை என்கிறார்கள். நாம் நிறை என்பதை எடை என்கிறார்கள். ஒரே சொல், இரண்டு கணியங்கள். இந்தக் குழப்பத்தால் புள்ளி பறிபோவதை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் திணிவுக்கு வழங்கும் மாஸ் என்ற சொல், பிசைந்த மாவுக் கட்டியைக் குறித்த மாசா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் அது பார்லி அப்பம். 1687இல் வெளிவந்த பிரின்சிபியா என்ற தன் நூலின் முதல் வரைவிலக்கணத்திலேயே நியூட்டன் இதைப் பொருளின் அளவு என்கிறார். அடர்த்தியும் கனவளவும் சேர்ந்து அதைத் தருகின்றன என்கிறார். எவ்வளவு இடத்தில் எவ்வளவு நெருக்கமாகப் பொருள் அடைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. தமிழில் அதற்குத் திணிதல் என்று பெயர். "மண் திணிந்த நிலனும்" என்று புறநானூற்றின் இரண்டாம் பாட்டு தொடங்குகிறது. மண் செறிந்து நிறைந்த நிலம். திணிவு என்ற சொல்லை ஆக்கியவர்கள் வேர் தெரிந்துதான் ஆக்கியிருக்கிறார்கள்.

திணிவு என்றால் அடர்த்தி போல ஒலிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அடர்த்திக்கு அடர்த்தி என்ற சொல்லே இரு கரையிலும் நிலைத்துவிட்டது. ஆகவே மயக்கத்துக்கு இடமில்லை. பொருண்மை என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. அது மொழியியலில் சொற்பொருளைக் குறிக்க ஏற்கெனவே வழங்குகிறது.

இனி நிறைக்கு வருகிறேன். நிறு என்ற வினையிலிருந்து வந்தது நிறை. தொல்காப்பியம் அளவுப் பெயர்களையும் நிறைப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லி, அவை ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்கிறது. உரைகாரர்கள் நிறைக்குக் கழஞ்சு, தொடி, பலம் என்று எடுத்துக்காட்டுவார்கள். நல்லாசிரியனுக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் நிறைகோலும் ஒன்று. அதே வழக்குத்தான் வன்னியில் இன்றும் இருக்கிறது. விசுவமடுவில் காலபோக நெல்லை அறுத்துச் சாக்கில் கட்டியவர் "நிறுத்துப் பார்ப்போம்" என்கிறார். நிறை குறைத்துக் காட்டுகிறாய் என்று வியாபாரியோடு வாதாடுகிறார். தூக்கும்போது தோளை அழுத்தும் பாரமும் தராசுத் தட்டைத் தாழ்த்தும் இழுப்பும்தான் அவருக்கு நிறை.

தமிழ்நாட்டு வழக்கை ஆதரிப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இருதட்டுத் தராசு படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. சந்திரனிலும் அதே படிக்கல்தான் சமன் செய்யும். ஆகவே நிறைகோல் காட்டுவது மாறாத அளவையே, ஈர்ப்போடு மாறுவதைக் காட்டுவது சுருள்வில்லின் இழுபடலால் அளக்கும் விற்றராசு என்பார்கள். பௌதிகவியல்படி இது உண்மை. ஆனால் ஈர்ப்பு இருந்தால்தானே தட்டுத் தாழும்? பூமியைச் சுற்றி மிதக்கும் விண்கலத்துக்குள் அந்தத் தராசை வையுங்கள். ஒரு தட்டில் இரும்பும் மறு தட்டில் இலவம் பஞ்சும் இருந்தாலும் எதுவும் தாழாது. நிறுக்கவே வழியில்லாத அங்கேயும் இரும்பின் திணிவு அப்படியே இருக்கும். மிதக்கும் இரும்பைத் தள்ளிப் பார்த்தால் கை அதை உணரும். நிறுக்க முடியாத இடத்திலும் குறையாமல் நிற்கும் ஒன்றுக்கு, நிறுத்தலில் பிறந்த பெயரை எப்படிச் சூட்டுவது?

எடை என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. எடுத்தலில் பிறந்தது, விசைக்குப் பொருந்துகிறது. ஆனால் எடையை வைத்துக்கொண்டு நிறையைத் திணிவின் இடத்துக்குத் தள்ளியதால், ஒரே பொருள்கொண்டு வாழ்ந்த இரண்டு சொற்களில் ஒன்று வேரிலிருந்து பிரிந்துபோயிற்று.

கேள்வித் தாளைப் படியெடுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. இல்லாவிட்டால் கைப்பேசியில் ஆங்கிலத்தைக் கொடுத்து வந்த தமிழை அச்சிடுகிறார்கள். "வேகத்துக்குத் திசை உண்டா?" என்று இன்னொரு தாளில் கேட்டிருந்தார்கள். இங்கே உண்டு, திசையில்லாதது கதி. தமிழ்நாட்டிலோ திசை உள்ளது திசைவேகம், வெறும் வேகத்துக்குத் திசை இல்லை. நம்முடைய ஆர்முடுகல் அங்கே முடுக்கம், நம்முடைய சக்தி அங்கே ஆற்றல், நம்முடைய வலு அங்கே திறன். முடுக்கம் என்று கேட்டாலாவது மாணவர் புதுச் சொல் என்று நின்று யோசிப்பார். நிறையும் வேகமும் தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றுகின்றன. அணுப்பௌதிகம் வரை தமிழில் படித்து வந்த பிள்ளையை, தன் பாடநூலை நம்பியதற்காக மேடையில் தலைகுனிய வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வியை இப்படி எழுதியிருக்கலாம்: ஒருவரின் திணிவு 60 கிலோகிராம். சந்திரனில் ஈர்ப்பு ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 1.62 மீற்றர் எனின், அங்கே அவரது திணிவு எவ்வளவு, நிறை எவ்வளவு? விடை: திணிவு அதே 60 கிலோகிராம், நிறை ஏறத்தாழ 97 நியூற்றன்.