கடற்புல்: சொல் விளக்கம்

வேலூர்ப் பக்கம் ‘கடற்புல்’ என்றால், ரம்ஜான் மாதத்தில் மளிகைக் கடைக்கு வரும் கடல்பாசியைத்தான் பலரும் நினைப்பார்கள். வெள்ளை வெளேரென்று சரம் சரமாக இருக்குமே, அதுதான். ஊறவைத்துக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆறவிட்டால் கட்டியாகிவிடும். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. கடற்புல் முற்றிலும் வேறு.

பாசிக்கு வேர் கிடையாது. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை எல்லாம் உண்டு. தண்ணீருக்கு அடியிலேயே பூத்துக் காய்த்து விதையும் விடும். பாலாற்று மணலில் அருகம்புல் படர்வது மாதிரி, மண்ணுக்குள் தண்டை ஓடவிட்டுக் கணுவுக்குக் கணு வேர்விடும். தரையில் வாழ்ந்து பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பிய செடிகளின் வழிவந்தது இது.

கடல் + புல் = கடற்புல். ‘சீகிராஸ்’ என்பதற்கு நேரான சொல். நெல்லும் அருகும் சேர்ந்த புல் குடும்பத்தில் தாவரவியல் இதைச் சேர்ப்பதில்லை. ஆனால் தமிழில் புல் என்பது பெரிய இனம். ‘புறக்காழ் அனவே புல்லென மொழிப’ என்கிறது தொல்காப்பியம். வெளிப்புறம் வைரம் பாய்ந்த தென்னையும் பனையும்கூட அந்தக் கணக்கில் புல்தான். அவையெல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள், அதாவது விதைக்குள் ஒரே ஒரு வித்திலை உள்ளவை. கடற்புல்லில் வைரம் இல்லை என்றாலும் அதுவும் ஒருவித்திலைதான். அதனால் இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பொருத்தமாகவே படுகிறது.

பாசியையும் புல்லையும் மாற்றி எழுதினால் கெடுதல் உண்டு. பாசியை வளர்த்து விற்கலாம். ராமநாதபுரம் கடற்கரையில் பல பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. கடற்புல் வெளியோ அப்படியே கிடக்க வேண்டியது. சேற்றைப் பிடித்து வைத்துத் தண்ணீரைத் தெளியவைப்பது அதன் வேரும் தண்டும்தான். இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்வது அங்கேதான். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கு உணவே இந்தப் புல்தான். ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும்.

2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. பெயரில் பசு இருந்தாலும் முதலில் காக்க வேண்டியது புல்லைத்தான். விசைப்படகு இழுத்துப்போகும் இழுவை மடி வலை அடிமண்ணை வாரிக்கொண்டு போனால் தண்டோடு பெயர்ந்துவிடும். அப்புறம் அந்த இடம் மறுபடி பச்சை பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.