காரம் இல்லாத இஞ்சி

செண்ட் பெட்டியில் 'இஞ்சி' என்று போட்டிருந்தால், மூக்கைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பிடித்து முகர்ந்து பார்க்கத்தான் நமக்குத் தோன்றும். அவ்வளவு பயம் தேவையில்லை. வாசனைத் தொழிலுக்குப் போகும் சாதாரண இஞ்சி எண்ணெயில் காரமே கிடையாது. யாரும் மெனக்கெட்டு அதை நீக்குவதில்லை. எண்ணெய் எடுக்கும்போது காரம் தானாகவே பின்தங்கிவிடுகிறது.

எப்படி என்று பார்க்க வடிகலனுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். உடைத்த சுக்கைக் கலனில் நிரப்பி, அடியிலிருந்து நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி சுக்குக்குள் புகுந்து, வாசனையைக் கூட்டிக்கொண்டு மேலே போகிறது. குளிர்ந்த குழாய்க்குள் போனதும் தண்ணீராகிச் சொட்டுகிறது. அதன் மேல் மெல்லிய படலமாக மிதப்பதுதான் இஞ்சி எண்ணெய். 100 கிலோ சுக்குக்கு ஒன்றரை கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை கிடைத்தால் நல்ல சரக்கு.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. அந்த எண்ணெயில் மற்ற எதையும்விட அதிகமாக இருப்பது ஜிஞ்ஜிபெரீன் என்ற பொருள். 15 கார்பன் அணுக்கள் கொண்ட கனமான மூலக்கூறு அது. தனியாகக் காய்ச்சினால் 250 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். 100 டிகிரி நீராவி அதை எப்படிக் கிளப்புகிறது? எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதனால் இரண்டும் தத்தம் ஆவியழுத்தத்தைத் தனித்தனியாகத் தருகின்றன. இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொட்டால் போதும், கலவை கொதித்துவிடும். பெரும்பங்கைத் தண்ணீரே கொடுத்துவிடுவதால் எண்ணெய் தன் சின்னப் பங்கோடு தொற்றிக்கொண்டு மேலே போய்விடுகிறது. ஆனால் அந்தச் சின்னப் பங்கையாவது கொடுக்க வேண்டுமே! காரத்துக்குக் காரணமான ஜிஞ்ஜெரால் இன்னும் பெரிய, பிசுபிசுப்பான மூலக்கூறு. ஆவியாகும் குணம் அதற்குக் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எல்லாம் முடிந்தபிறகு கலனில் மிஞ்சும் சக்கையிலேயே அது தங்கிவிடுகிறது.

சரி, காரம் போனபிறகு அது இஞ்சிதானா? உண்மையில் காரம் என்பது வாசனையும் இல்லை, சுவையும் இல்லை. சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற உணர்வேற்பி இருக்கிறது. சுமார் 43 டிகிரி வெப்பம் பட்டால் அது திறந்துகொள்ளும். மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் திறக்கும், ஜிஞ்ஜெரால் பட்டாலும் திறக்கும். 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழுவினர் இதை அடையாளம் கண்டார்கள். 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வேலையே அடிப்படை. (வரமிளகாய் தாளிக்கும்போது வீடே இருமுகிறதே என்பீர்கள். அங்கே சுடு எண்ணெயிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் கேப்சைசினைச் சுமந்து வருகின்றன. இஞ்சி டீயின் ஆவியை முகர்ந்து யாரும் அப்படி இருமுவதில்லை.)

ஆக, இஞ்சி செண்டை முகர்ந்ததும் உள்ளே ஒரு கதகதப்பு தெரிகிறதென்றால், அதில் பெரும்பகுதி நம் சாப்பாட்டுப் பழக்கத்தின் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த வாசனையும் அந்தக் காரமும் வாய்க்குள் எத்தனையோ முறை சேர்ந்தே வந்திருக்கின்றன. ஒன்று வந்தால் மற்றதையும் மூளை எதிர்பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், இஞ்சி எண்ணெயில் சிறிதளவு சினியோலும் உண்டு. யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியப் பொருளான அது, குளிரை உணரும் ஏற்பியைத்தான் தூண்டுகிறது.

தமிழில் இஞ்சி வேறு, சுக்கு வேறு. பெர்ஃப்யூம் செய்பவர்களுக்கும் அப்படித்தான். பச்சை இஞ்சியை நறுக்கியதும் எலுமிச்சை போல ஒரு வாசம் எழுகிறதல்லவா, அது சிட்ரால். எலுமிச்சைப்புல்லின் மணமும் அதுவேதான். பச்சை இஞ்சியில் வடித்த எண்ணெயில் சிட்ரால் தாராளமாக இருக்கும். உலர உலர அது குறைந்து, மண்ணும் மரமும் கலந்த ஜிஞ்ஜிபெரீன் வாசனை மேலோங்கும். காரத்தின் கதையோ நேர்மாறு. காயும்போது ஜிஞ்ஜெரால் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுகிறது. சுக்கு அதிகமாக உறைப்பதற்கு அதுதான் காரணம். இஞ்சிக்கு ஜப்பானியர் சொல்லும் 'ஷோகா'விலிருந்து வந்ததுதான் ஷோகால் என்ற பெயர்.

நறுக்கிய இஞ்சியின் அந்தப் பச்சை வாசம் அப்படியே வேண்டுமென்றால் நீராவி சரிப்படாது; மணிக்கணக்கான சூட்டில் நுணுக்கமான மணங்கள் கெட்டுப்போகும். அதற்குக் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. 31 டிகிரிக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல 70 மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில், அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் இடைப்பட்ட நிலைக்கு வருகிறது. வாயுவைப் போல உள்ளே நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பறந்துபோய்ச் சாறு மட்டும் மிஞ்சும். இந்தச் சாற்றில் ஜிஞ்ஜெராலும் வந்துவிடுகிறது. ஆனால் தோலில் பூசினாலும் அது ஆவியாகாமல் அங்கேயே கிடக்கும், மூக்குவரை வராது. விலை அதிகம் என்பதால் இதை அளந்து அளந்துதான் சேர்க்கிறார்கள்.

செண்டில் இஞ்சியின் துடிப்பான முகம் வெகுநேரம் நிற்பதில்லை. இலகுவான சிட்ரால் முதலில் ஓடிவிடும். அதனால் தொடக்கத்தில் பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்), ஏலம் போன்றவற்றைத் துணைக்கு வைத்து, அடியில் தேவதாரு அல்லது வெட்டிவேரைப் போட்டுப் பிடித்து நிறுத்துவார்கள். 'வெட்டிவர்' என்று உலகம் சொல்வது நம் வெட்டிவேர்தான். இஞ்சியின் தாவரவியல் பெயரான ஜிஞ்ஜிபெர் என்ற சொல்லின் அடியிலும் இஞ்சியும் வேரும் ஒளிந்திருப்பதாக மொழியியலாளர்கள் கருதுகிறார்கள்.

எண்ணெயைத் திறந்த பாட்டிலில் போட்டு வைத்தால் ஜிஞ்ஜிபெரீன் காற்றுபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கர்க்யூமீனாக மாறும். இஞ்சியின் உறவான மஞ்சளின் எண்ணெயிலும் உள்ள பொருள் இது. சரக்கு புதிதா பழையதா என்று சோதிப்பவர்கள் இந்த இரண்டின் விகிதத்தைத்தான் பார்க்கிறார்கள்.