கடலையில் பூஞ்சண நஞ்சு: வாங்கும்போதே சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், சுவரோரம் கிடக்கும் நிலக்கடலை மூட்டை அடியில்தான் முதலில் கெடும். கையை விட்டால் சில்லென்று ஈரம். நாலைந்து பருப்பு ஒட்டிக்கொண்டு வரும், தோலில் மஞ்சளும் பச்சையுமாகப் பொடி. அந்தப் பூஞ்சணம் விடுகிற நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரவைக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

பொடியைத் தட்டிவிட்டால் சரியாகிவிடாது. பார்க்க நன்றாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

அதற்கு வழி, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. கடையில் பொருள் வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை வாங்கலாம். ஆனால் வாங்கும்போதே, "அண்ணா, இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போய்ச் சொன்னால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. பொருள் விதிக்கு மாறாக இருந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையும் நடவடிக்கைக்காக உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்குப் போகும்.

அப்படியே சாப்பிடும் கடலைக்கு வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போகும் கடலைக்கு 15. நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, அங்கங்கே திட்டாகத்தான் இருக்கும். மேலாக ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் தப்பான முடிவு வரும். அடி, நடு, ஓரம் என்று பல இடத்தில் எடுத்துக் கலக்க வேண்டும்.

சரி, மாட்டுக்கு வாங்கும் புண்ணாக்கு? இந்தச் சட்டம் உணவு என்று சொல்வதில் கால்நடைத் தீவனம் சேராது, அதனால் 40-ஆம் பிரிவு அதற்கு உதவாது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. மாடு தின்ற நஞ்சில் ஒரு பங்கு உருமாறி ஓரிரு நாளிலேயே பாலில் இறங்குகிறது. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். பாலுக்கு வரம்பு 0.5 மைக்ரோகிராம். கலப்புத் தீவனம் வாங்கும்போது சாக்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2052 என்ற மாட்டுத் தீவனத் தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரப்படி நஞ்சு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. பூசண வாடை அடிக்கும் புண்ணாக்கை உடனே நிறுத்துங்கள், சில நாளில் பால் தெளிந்துவிடும்.