தரையில் ஒரு இன்ஜின் நின்றால் பதறாதீர்கள்

விமானப் பராமரிப்பு என் வேலை. போன வாரம் இரவு ஷிப்டில் ஒரு ஏ320 விமானம் பேக்கு, அதாவது பயணிகள் இறங்க விமானம் நிற்கும் இடத்துக்கு, வந்து நின்றது. இறங்கிய பயணிகளில் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். "சார், வலது பக்க இன்ஜின் வரும்போதே நின்னுபோச்சு. வீடியோ எடுத்திருக்கேன்." குடும்பக் குழுவுக்கு அதை அனுப்பியும் விட்டார். போனில் அவருடைய அம்மா அழுதுகொண்டிருந்தார். உள்ளே இன்னும் மோசம்: இவர் போட்ட சத்தத்தில் பத்துப் பேர் பெல்ட்டைக் கழற்றி எழுந்திருக்கிறார்கள். பைலட் பிரேக் பிடித்ததில் ஒரு குழந்தை விழுந்து உதடு கிழிந்துவிட்டது.

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். அதனால்தான் எழுதுகிறேன்.

இன்ஜின் நின்றது உண்மை. ஆனால் அது பழுதாகி நிற்கவில்லை, பைலட் அணைத்தார். தரையிறங்கிய பிறகு இன்ஜின் ஆற மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை அணைத்து, மற்றதை வைத்து பே வரைக்கும் வருவது வழக்கமான நடைமுறை. புறப்படும்போதும் ஒரே இன்ஜினில் ஓடுபாதை நோக்கிப் போய், இன்னொன்றை வழியில் ஸ்டார்ட் செய்வதுண்டு. சூடேறத் தேவையான நேரம் கொடுத்த பிறகுதான் மேலே கிளம்புவார்கள்.

"காசு மிச்சம் பிடிக்க எங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தரையில் விமானம் பறக்க வேண்டியதில்லை, உருள வேண்டும், அவ்வளவுதான். இரண்டு இன்ஜினும் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடினாலே எடை குறைந்த ஏ320 தானாக வேகம் எடுக்கும். பைலட் அடிக்கடி பிரேக் மிதித்து அடக்க வேண்டியிருக்கும். தேய்ந்த பிரேக்கை மாற்றுகிற எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். தரை வழுக்கினாலோ, ஏற்றமாக இருந்தாலோ, விமானம் கனமாக இருந்தாலோ இரண்டையும் ஓட்டுவார்கள். அதை முடிவு செய்வது கேப்டன்.

இதில் மிச்சம் சின்னதில்லை. இரண்டு இன்ஜினும் ஐடிலில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோ எரிபொருள் போகும். பதினைந்து நிமிடம் ஊர்ந்தால் 150 கிலோ. ஒன்றை அணைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. புதிய ஏ320 மாடலான நியோவின் இன்ஜின்களும் இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் 2.4 மீட்டர் ஷார்க்லெட்டும் சேர்ந்து பழைய மாடலைவிட 15 சதவீத எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன. அப்படி ஒரு விமானத்தைக் கொண்டுவந்துவிட்டு, ஓடுபாதைக்கும் பேக்கும் இடையிலுள்ள டாக்ஸிவேயில் சும்மா எரித்தால் மனசு ஆறுமா? பேட்டரி விமானம் எப்போது வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது, ஒரு கிலோ பேட்டரியில் கால் யூனிட்தான். அதனால் இன்று கையில் இருக்கும் வழிகளை மதியுங்கள்.

அப்புறம், பயணிகளைப் பயமுறுத்தும் ஒரு சத்தம். நாய் குரைப்பது போலவோ ரம்பம் அறுப்பது போலவோ கேபின் தரைக்கு அடியில் கேட்கும். ஏ320இல் இரண்டு ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) அமைப்புகளின் அழுத்தம் வேறுபட்டால் அதைச் சமன் செய்யும் கருவி போடும் சத்தம் அது. விளக்கு ஒரு நொடி அணைந்து எரிந்தால் மின்சாரம் ஒரு ஜெனரேட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

விமானம் முழுதாக நின்று பெல்ட் விளக்கு அணையும் வரை எழுந்திருக்காதீர்கள். இதை எத்தனை முறைதான் சொல்வது! சந்தேகம் வந்தால் வீடியோவை அனுப்பும் முன் பணிப்பெண்ணிடம் கேளுங்கள். வெயில் நேரத்தில் விமானத்தை விட்டு இறங்கும்போது ஜன்னல் திரையை இறக்கிவிட்டுப் போனால் கேபின் சூடேறாது, வாலில் உள்ள ஏபியு என்ற சின்ன இன்ஜினை ஏசிக்காக ஓட்டும் நேரமும் குறையும். அது ஒரு மணி நேரத்துக்கு 100 கிலோவுக்கு மேல் குடிக்கும்.

ஆனால் புகை, தீ, எரியும் வாடை, இன்ஜின் மூடி ஆடுவது, இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகுவது, இதில் எதைப் பார்த்தாலும் தயங்காமல் உடனே அழைப்பு பட்டனை அழுத்திப் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.