ஃபிளாட் டிராக்குக்கு முதல் பழைய வண்டி: இன்ஜினைக் கடைசியாகத் தொடுங்கள்

ஃபிளாட் டிராக் பந்தயத்துக்குப் பழைய மோட்டார் சைக்கிளைத் தயார் செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். எவ்வளவு குதிரைசக்தி ஏற்றலாம், எந்த கேம் போடலாம், பெரிய பிஸ்டன் கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். பழைய வண்டிகளைப் பந்தயத்துக்குத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: கையில் இருக்கும் பணத்தைச் சக்கரம், ஃபிரேம், ஆக்சிலேட்டர் கேபிள் இவற்றில் போடுங்கள். இன்ஜினைச் சரிபார்த்து, கம்பெனி கொடுத்த அளவுகளிலேயே முதல் சீசன் முழுக்க ஓட்டுங்கள்.

இந்தப் பந்தயம் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தது. முட்டை வடிவ மண் ஓடுதளத்தில் இடப்பக்கமாக மட்டுமே திரும்பிச் சுற்றுவார்கள். கால் மைல், அரை மைல், ஒரு மைல் எனத் தளங்கள் உண்டு. பல தளங்கள் திருவிழா மைதானங்களில் குதிரைப் பந்தயத்துக்காகப் போடப்பட்டவை. இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு மைல் தளத்தின் நேர்பகுதியில் பெரிய வண்டிகள் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்திலும் முன் பிரேக் கிடையாது. 1960களின் இறுதி வரை பின் பிரேக்கும் இல்லாமல்தான் ஓட்டினார்கள். வலப்பக்கத் திருப்பமும் ஒரு மேடும் கொண்ட டிடி வகைத் தளத்தில் மட்டும் முன் பிரேக் வைத்துக்கொள்ளலாம்.

முன் பிரேக் இல்லாமல் எப்படித் திரும்புவது? பின் சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்க விட்டு, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி, வண்டியை இடப்பக்கம் சாய்த்து ஓட்ட வேண்டும். வேகம் குறைவது பெரும்பாலும் அந்த வழுக்கலில்தான். உடல் வண்டிக்கு மேலே நிமிர்ந்திருக்கும், எடை வலது ஃபுட்ரெஸ்ட்டில் இறங்கும், இரும்புத் தகடு கட்டிய இடது பூட்ஸ் மண்ணைத் தொட்டுக்கொண்டே போகும். வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இந்த ஒரு நிலைக்காகத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் அழகுக்காகக் கட்டிய வண்டிகள் என் பட்டறைக்கு நிறைய வருகின்றன. படத்தில் அருமையாக இருக்கும், திருப்பத்தில் ஓட்டுபவரைக் கீழே தள்ளும்.

எந்த வண்டியில் தொடங்குவது? என் தேர்வு யமஹாவின் 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிகள், அதாவது 1976இல் வந்த டிடி500 (TT500) அல்லது 1978இல் வந்த எஸ்ஆர்500. காற்றால் குளிரும் எளிய இன்ஜின், சக்தி சுமார் 30 குதிரைசக்தி. பந்தயக்காரர் காதில் இது குறைவாகத்தான் விழும். ஆனால் ஈர மண்ணில் பின் சக்கரத்தைச் சுழற்ற இதுவே தாராளம். அமெரிக்கப் பந்தய வீரர் கென்னி ராபர்ட்ஸ் போன்றவர்கள் யமஹாவின் இரட்டை சிலிண்டர் வண்டியில் பெயர் எடுத்ததால் புதியவர்களும் அதே வகையின் சாலை வண்டியான எக்ஸ்எஸ்650 வாங்கிக்கொண்டு வருகிறார்கள். சாலை வடிவத்தில் அது 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. கற்றுக்கொள்ளும்போது பலமுறை விழுவீர்கள். அவ்வளவு எடை உங்கள் இடது காலின் மேல் விழுவதை நான் விரும்பவில்லை.

பிரிட்டிஷ் வண்டி ஆசை உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1970களின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றில், நம் ஊர்ப் பழைய புல்லட்டைப் போலவே, கியர் வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமும் இருக்கும். இடது கால் மண்ணில் இருக்கும் நேரத்தில் இடப்பக்க பிரேக்கை எப்படி மிதிப்பது? அதை வலப்பக்கம் மாற்றியே ஆக வேண்டும். அந்த வேலைக்கும் உதிரி பாகத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள்.

வாங்கியதும் வண்டியை முழுதாகக் கழற்றி, ஃபிரேமில் உள்ள பெயின்ட்டை எடுத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அரை நூற்றாண்டு பழைய இரும்பு அது. ஹேண்டில் தலைப்பகுதி, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் இணையும் இடம், இன்ஜினைத் தாங்கும் தகடுகள் இந்த மூன்று இடங்களிலும் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம். சாயம் ஊறவைத்துப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சோதித்த பிறகு மெல்லிய பெயின்ட் போதும். தடிமனான பவுடர் கோட்டிங் பளபளப்பாக இருக்கும், ஆனால் அடுத்த விரிசலை உங்கள் கண்ணில் காட்டாது.

டிடி500, எஸ்ஆர்500 இரண்டிலும் இன்ஜின் ஆயில் ஃபிரேம் குழாய்க்குள்தான் இருக்கும். ஃபிரேமை மணல் வீச்சில் சுத்தம் செய்யக் கொடுத்தால் ஒரு துகள் உள்ளே தங்கினாலும் இன்ஜின் போய்விடும். எல்லாத் துளைகளையும் அடைத்துக் கொடுங்கள், திரும்பி வந்ததும் குழாயை மண்ணெண்ணெய் ஊற்றிப் பலமுறை அலசுங்கள். இன்னொன்று, வண்டி பல நாள் நின்றால் அந்த ஆயில் மெல்ல இன்ஜின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். அப்போது ஆயில் அளவுக் குச்சியில் பார்த்துவிட்டுக் குறைகிறதே என்று ஊற்றினால் அளவு மீறிவிடும். ஓடும்போது மிஞ்சியது இன்ஜினின் காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் வழியாகப் பின் டயரில் வந்து விழும். இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகே அளவு பாருங்கள். மூச்சுக்குழாயை ஒரு சிறு டப்பாவுக்குள் விடுங்கள். ஆயில் வடிகால் போல்ட் தானே கழலாதபடி அதில் துளையிட்டு லாக் வயர் கட்டுங்கள்.

சக்கரம் முன்னும் பின்னும் 19 அங்குலம். இந்தப் பந்தயத்துக்கான டயர்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகின்றன. டிடி500இல் முன்னால் 21, பின்னால் 18 இருக்கும், ஆகவே பழைய ஹப்பை வைத்துப் புது ரிம், புது ஸ்போக் போட்டுக் கட்ட வேண்டும். பழைய ஸ்போக்கைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். பக்கவாட்டில் வழுக்கும் வண்டி திடீரெனப் பிடிமானம் பெறும்போது அந்த அடி முழுவதும் ஸ்போக்கில்தான் இறங்குகிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய டயரை வாங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புத் தேதியின் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பூக்கள் நன்றாக இருந்தாலும் காய்ந்துபோன ரப்பர் இறுகிய மண்ணில் பிடிக்காது. பின்னால் பெரிய சக்கரம் போட்டதும், செயினை இறுக்கும் முழு நீளத்திலும் டயர் ஸ்விங் ஆர்மைத் தொடாமல் சுழல்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஆக்சிலேட்டர். இந்தப் பந்தயத்தில் மோசமான விபத்துகள் பல, கை விட்டும் மூடாத ஆக்சிலேட்டரால் வருபவை. முன் பிரேக் இல்லாத வண்டி நேரே வெளிச்சுவருக்குப் போகும். புதுக் கேபிள் போடுங்கள். கார்ப்பரேட்டர் ஸ்லைடும் அதன் ஸ்பிரிங்கும் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மண் தூசி உள்ளே போனால் ஸ்லைடு சிக்கும், அதனால் எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இல்லாமல் ஓட்டக் கூடாது. அப்புறம் இந்தச் சோதனை: இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு கோடியில் இருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது இன்ஜின் சத்தம் துளி ஏறினாலும் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். வழுக்கும்போது ஹேண்டில்பாரை முழுக்க வலப்பக்கம் திருப்பத்தான் போகிறீர்கள், நினைவிருக்கட்டும்.

அதோடு மணிக்கட்டில் கயிறு கட்டும் கில் ஸ்விட்ச். நீங்கள் விழுந்ததும் கயிறு இழுபட்டு இன்ஜின் நிற்கும். ஒவ்வொரு பந்தய நாள் காலையிலும் இன்ஜினை ஓடவிட்டு அதை இழுத்துப் பாருங்கள்.

ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மடங்கி, ஸ்பிரிங்கால் தானே திரும்பி வர வேண்டும். வலது பக்கத்தை எடை நன்றாக இறங்கும்படி சற்று உயர்த்திப் பின்னுக்குத் தள்ளுங்கள். சைலன்சரை வலப்பக்கம் மேலே கொண்டுபோங்கள், இடப்பக்கம் மண்ணில் உரசும். விளக்கு, கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் கழன்றுவிடும். கிக்கரை மட்டும் வைத்திருங்கள், தொடக்கத்தில் அடிக்கடி வண்டி அணையும்.

இப்படிக் கட்டிய வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். முன் பிரேக் இல்லாத வண்டிக்குச் சாலையில் இடமில்லை.

இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கு: ராயல் என்ஃபீல்டு ஸ்லைடு ஸ்கூல் என்ற பெயரில் ஃபிளாட் டிராக் பயிற்சி நடத்துகிறது. ஹிமாலயனை மாற்றிச் செய்த எஃப்டி411 வண்டியில் அங்கே கற்றுத் தருகிறார்கள். வண்டி கட்டும் முன் அங்கே போய் வாருங்கள். ஒருமுறை வழுக்கிப் பார்த்தால் ஃபுட்ரெஸ்ட் எந்த உயரம், ஹேண்டில்பார் எவ்வளவு அகலம் என்று உங்கள் உடம்பே சொல்லும். சென்னையை ஒட்டிய ஆலைகளில் செய்யப்படும் அதே நிறுவனத்தின் 650 இரட்டை சிலிண்டர் இன்ஜின் அமெரிக்க ஃபிளாட் டிராக்கிலும் ஓடியிருக்கிறது. அதைப் பார்த்து உற்சாகம் கொள்ளுங்கள், முதல் வண்டியாக மட்டும் எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் பழைய வண்டிப் பந்தயங்களுக்கான ஏஹெச்ஆர்எம்ஏ (AHRMA) சங்கத்தின் விதிப்புத்தகத்தையோ உள்ளூர் கிளப்பின் விதிகளையோ படித்த பிறகே பாகங்கள் வாங்குங்கள். எந்த ஆண்டு வண்டி எந்தப் பிரிவு, ஸ்ப்ராக்கெட்டுக்குக் காப்புத் தகடு வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும்.

முதல் பயிற்சி நாளில் பின் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் சிறியதாகப் போடுங்கள், வண்டி சாந்தமாக இழுக்கும். ஐந்தாறு சுற்று ஓடியதும் நிறுத்தி, புதிதாகக் கட்டிய ஸ்போக்குகளையும் இன்ஜின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். அவை கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.