புது ஊரில் பொழுது ஏன் போக மாட்டேன் என்கிறது?

பெங்களூருக்கு வந்த முதல் ராத்திரி. பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி., மூன்றாவது மாடி, மூன்று கட்டில் போட்ட அறை. திருநெல்வேலியிலிருந்து பத்து மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்த அசதிக்கு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்க வேண்டும். மாடியில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் முழிப்பு. தண்ணி மோட்டார் ஓடினால் முழிப்பு. பக்கத்துக் கட்டில்காரர் புரண்டு படுத்தால் முழிப்பு. காலையில் போனில் சொன்னபோது அம்மா அசரவே இல்லை. “புது இடம்லா, அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்.”

அம்மாவின் கணக்கு கிட்டத்தட்ட சரிதான். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் மாசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் 2016-இல் இதை அளந்து காட்டினார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் இரண்டு பாதியும் ஒன்றுபோல ஓய வேண்டும். புது இடத்தில் முதல் இரவு படுத்தவர்களுக்கு இடது பாதியின் ஒரு பகுதி மட்டும் அவ்வளவு ஆழமாகத் தூங்கவில்லை. வலது காதில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் இடது பாதிக்குத்தான் போகும். அந்தக் காதில் மெல்லிய ஒலி எழுப்பியபோது சட்டென்று விழித்துக்கொண்டார்கள். அடுத்த முறை அதே இடத்தில் படுத்தபோது இந்த வித்தியாசம் காணவில்லை. டால்ஃபின்கள் பாதி மூளையை விழிக்க வைத்துத்தான் தூங்குகின்றன. நமக்கும் அதில் ஒரு துளி உண்டு போலிருக்கிறது. புது வீட்டில் முதல் ராத்திரி மூளை தனக்கே ஒரு வாட்ச்மேனை நியமித்துக்கொள்கிறது.

தூக்கம் சீக்கிரம் சரியாகிவிட்டது. பொழுதுதான் சரியாகவில்லை. இரண்டாம் வாரம் லால்பாக் போனேன், மூன்றாம் வாரம் கப்பன் பார்க், நான்காம் வாரம் ஒரு மால். ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கட்டிலில் மல்லாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊர். பார்க்க இடமா, தின்னக் கடையா, எதற்குக் குறை? ஆனாலும் போர் அடித்தது. அடித்தது என்ற சொல் அன்று பொருத்தமாகத்தான் பட்டது.

செய்ய ஒன்றும் இல்லாவிட்டால் சலிப்பு வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வேறு மாதிரி வரையறுத்தார்கள். மனம் எதிலாவது பிடிப்போடு இறங்கத் தவிக்கிறது, இறங்க முடியவில்லை, அந்தத் தவிப்புக்குப் பெயர் சலிப்பு. சும்மா இருப்பதும் சலித்திருப்பதும் ஒன்றில்லை என்பது ஊரில் திண்ணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். மத்தியானம் முழுக்கச் சும்மா இருந்தாலும் அங்கே பொழுது போய்விடும்.

இந்தத் தவிப்பு எவ்வளவு உக்கிரமானது என்பதற்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமத்தி வில்சன் குழு 2014-இல் நடத்தியது. ஆளை ஒரு வெற்று அறையில் பதினைந்து நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். போன் கிடையாது, புத்தகம் கிடையாது. ஒரு பட்டன் மட்டும் உண்டு, அழுத்தினால் லேசான ஷாக் அடிக்கும். அந்த ஷாக் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் முன்பே காட்டியாகிவிட்டது. இன்னொரு முறை வேண்டாம், வேண்டுமானால் காசு கொடுத்துக்கூடத் தப்பித்துக்கொள்வோம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் தாங்களே பட்டனை அழுத்திக்கொண்டார்கள். பதினைந்தே நிமிடத்தில்!

நம் கையில் அந்த பட்டனுக்குப் பதில் போன் இருக்கிறது. அது சலிப்பைக் குறைக்கிறதா என்றால், கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் என்ற இருவர் 2024-இல் வெளியிட்ட ஆய்வின் பதில் நேர் எதிர். ஒரே வீடியோவை முழுக்கப் பார்த்தவர்களைவிட, தள்ளித் தள்ளிப் பல வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் சலித்தது. அடுத்தது நன்றாக இருக்கும் என்று தள்ளுகிறோம். தள்ளும்போது எதிலும் இறங்குவதில்லை. யோசித்துப் பார்த்தால், வாரத்துக்கு ஒரு பார்க், ஒரு மால் என்று நான் செய்ததும் இதையேதான். ஊரையே ரீல்ஸ் மாதிரி தள்ளிக்கொண்டிருந்தேன்.

மனம் இறங்கப் பிடி ஏன் கிடைக்கவில்லை? அதற்கு எலியிடம் போக வேண்டும்.

1971-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ’கீஃப் எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, ஒற்றை ஒற்றை நரம்பு செல்லாக ஒட்டுக் கேட்டார். எலி ஓரிடத்துக்கு வந்தால் ஒரு செல் துடித்தது; நாலடி தள்ளிப் போனால் அது அடங்கி இன்னொன்று துடித்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காவல்காரர் மாதிரி. இவற்றுக்கு இடச் செல்கள் என்று பெயர். 2005-இல் நார்வேயின் ட்ரொன்ஹெய்மில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், இடத்தைக் கட்டம் போட்டு அளக்கும் இன்னொரு வகைச் செல்களைப் பக்கத்துப் பகுதியில் கண்டார்கள். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு முக்கியமானது அடுத்த செய்தி. எலியை வேறொரு பெட்டியில் விட்டால் பழைய வரைபடம் அங்கே உதவாது. செல்கள் வேறு அணியாகச் சேர்ந்து புது வரைபடம் போடுகின்றன. முதல் கோடுகள் சில நிமிடங்களில் விழுந்துவிடும். அது திரும்பத் திரும்ப நடந்தால்தான் கெட்டிப்படும். அதே ஹிப்போகேம்பஸ்தான் நடந்த சம்பவங்களின் நினைவுக்கும் முக்கியமான இடம். பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானம் என்று சொன்னால் எனக்கு ஒரு திசை மட்டுமா வருகிறது? கால் முட்டியைப் பெயர்த்துக்கொண்ட சாயங்காலமும் சேர்ந்து வருகிறது. பெங்களூரில் சில்க் போர்டு சிக்னல் என்றால் போனில் தெரியும் ஒரு நீலக் கோடு. அதில் மனம் எதைப் பிடித்துக்கொள்ளும்?

அந்த நீலக் கோட்டின் மேலேயே ஒரு குற்றச்சாட்டு உண்டு. கனடாவில் லூயிசா தஹ்மானியும் வெரோனிக் பொபோவும் 2020-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு, ஜி.பி.எஸ்.ஸை அதிகம் நம்பியவர்களுக்குத் தானாக வழி கண்டுபிடிக்கும் நினைவு மங்கலாக இருந்ததைக் காட்டியது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பி.ஜி.யிலிருந்து உடுப்பி கார்டன் சிக்னலுக்குப் போகும் குறுக்கு வழி, போனில் சார்ஜ் தீர்ந்த ஒரு நாள்தான் எனக்குத் தெரிந்தது.

இனி மனிதர்கள். தமிழில் பழக்கம் என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? காபி குடிக்கும் பழக்கம் என்கிறோம். அவர் எனக்கு நல்ல பழக்கம் என்றும் சொல்கிறோம். திரும்பத் திரும்பச் செய்வதும் ஒருவரை அறிந்திருப்பதும் நமக்கு ஒரே சொல். ஆய்வாளர்கள் இங்கே வந்து சேர 1968 ஆகிவிட்டது. அந்த வருடம் ராபர்ட் ஸாயன்ஸ், ஒன்றை அடிக்கடி காண்பதே அதன் மேல் விருப்பத்தை வளர்க்கிறது, வேறு காரணம் தேவையில்லை என்று காட்டினார்.

இதை வகுப்பறைக்கே கொண்டுபோனவர்கள் ரிச்சர்ட் மோர்லேண்டும் ஸ்காட் பீச்சும். 1992-இல் வெளியான ஆய்வு. தோற்றத்தில் ஓரளவு ஒத்த நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்பில் மாணவிகள் போல உட்கார வைத்தார்கள். ஒருவர் ஒரு நாளும் வரவில்லை. மற்றவர்கள் 5, 10, 15 நாட்கள் வந்தார்கள். யாரோடும் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. பருவ முடிவில் மற்ற மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டால், அதிக நாள் வந்தவரை அதிகம் பிடித்திருந்தது. அவரைப் பார்த்த ஞாபகம்கூட இவர்களுக்குச் சரியாக இல்லை.

இதைப் படித்த பிறகு நான் ஒரே ஒரு காரியத்தை மாற்றினேன். தினம் ஒரு கடை என்று அலைவதை விட்டுவிட்டு, காலை ஏழே முக்காலுக்கு ஒரே தர்ஷினிக்குப் போக ஆரம்பித்தேன். பெங்களூர் தர்ஷினி தெரியும்தானே, நின்றுகொண்டே சாப்பிடும் கடை. கல்லாவில் டோக்கன் வாங்கி, எவர்சில்வர் மேடைக்குப் பின்னால் நிற்பவரிடம் நீட்ட வேண்டும். அவர் டிகாக்‌ஷனைக் கண்ணாடித் தம்ளரில் விட்டு, கொதிக்கும் பாலை உயரத் தூக்கி ஊற்றி, என் முகத்தைப் பார்க்காமலே தள்ளுவார். பத்து நாள் அப்படித்தான் போனது. அப்புறம் ஒரு நாள் தலையை மட்டும் ஆட்டினார். இன்னும் சில நாள் கழித்து, டோக்கனை நீட்டுவதற்கு முன்பே சர்க்கரைக் கரண்டியை அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பாலைத் தூக்கினார். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது இந்த ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

சின்ன விஷயம்தான், ஆனால் இதையும் அளந்திருக்கிறார்கள். ஜில்லியன் சான்ட்ஸ்ட்ராம் டொரன்டோவில் முதுகலை படித்த நாட்களில், தினமும் போகும் வழியில் ஹாட் டாக் விற்ற ஒரு பெண்ணைப் பார்த்துக் கையசைப்பாராம். அதற்கு மேல் பேச்சில்லை. அது ஏன் தன்னை இவ்வளவு நிறைவாக்குகிறது என்ற கேள்வியையே பின்னாளில் ஆய்வாக எடுத்துக்கொண்டார். எலிசபெத் டன்னுடன் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காபி கொடுப்பவரிடம் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், காரியம் முடிந்தால் போதும் என்று வாங்கிப் போனவர்களைவிட மகிழ்ச்சியாக உணர்ந்தார்கள். எல்லாவற்றையும் ஆப்பில் வரவழைத்து, கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லும் வாழ்க்கையில் இந்த இரண்டு வார்த்தைதான் முதலில் காணாமல் போகிறது.

தலையாட்டும் பழக்கம் வேறு, சினேகிதம் வேறு. அதற்கு மணிக்கணக்கே இருக்கிறது. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின் முதல் பகுதி, ஆறு மாதத்துக்குள் ஊர் மாறி வந்த 355 பேரைப் பற்றியது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நண்பர் என்று சொல்ல 90. நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். ஆபீஸில் பக்கத்து சீட்டில் வேலை பார்த்த நேரம் இதில் பெரிதாக உதவவில்லை. டீ குடித்த நேரமும் வெட்டியாக உட்கார்ந்த நேரமும்தான் உதவின. வெட்டிப் பேச்சுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மடிவாளாவுக்குப் போய்ப் பாருங்கள். சேலம், மதுரை, நாகர்கோவில் என்று வரிசையாக ஸ்லீப்பர் பஸ்கள். முதுகில் பை மாட்டிய பிள்ளைகள் ரோட்டோரம் நெருக்கியடித்து நிற்பார்கள். நானும் நின்றவன்தான், மூன்று மாதம், கிட்டத்தட்ட எல்லா வாரமும். அம்மா கையால் சாப்பிட்டு, திங்கள் காலை சிவந்த கண்ணோடு நேரே ஆபீஸ். யாரையும் குறை சொல்லவில்லை. 1688-இலேயே யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதி, அதற்குக் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயரும் வைத்தார். அது அவ்வளவு நிஜமானது. ஆனால் வாரத்தில் வெட்டியாக உட்காரக் கிடைப்பதே அந்த இரண்டு நாள்தான். அதையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டால் 50 மணி நேரம் எங்கிருந்து சேரும்? மாதம் ஒரு முறை என்று குறைத்துக்கொண்டு, வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் ஷட்டில் ஆடச் சேர்ந்தேன். நாலரை மணி நேரம் வீதம் பதினோரு வாரத்தில் கிட்டத்தட்ட 50 ஆகிவிட்டது. பன்னிரண்டாம் வாரமே ஒருவன் என் ராக்கெட்டை இரவல் வாங்கி நரம்பை அறுத்துக் கொடுத்தான். நண்பனாகிவிட்டான் என்று புரிந்துகொண்டேன்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்ற பழமொழியை இந்நேரம் நினைத்திருப்பீர்கள். அதுவும் பொய்யில்லை. அடிக்கடி கண்டால் விருப்பம் கூடும் என்ற விதிக்கும் எல்லை உண்டு. ஒன்றையே அளவுக்கு மீறிக் காட்டினால் விருப்பம் தேயத் தொடங்குவதைப் பிற்கால ஆய்வுகள் கண்டன. சுற்றிப் பார்ப்பதற்கு உரிய நேரம் அப்போதுதான் வருகிறது. ஆரன் ஹெல்லர், கேத்தரின் ஹார்ட்லி குழுவினர் 2020-இல், நியூயார்க்கிலும் மயாமியிலும் வசித்தவர்களை மூன்று, நான்கு மாதம் ஜி.பி.எஸ்.ஸால் பின்தொடர்ந்து, மனநிலை எப்படி என்று போனில் அவ்வப்போது கேட்டார்கள். வழக்கத்தைவிடப் பலவகை இடங்களுக்குப் போன நாட்களில் மனம் மலர்ந்திருந்தது. ஹிப்போகேம்பஸுக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதிக்கும் இணைப்பு வலுவாக இருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. இதற்குப் பெரிய சுற்றுலா தேவையில்லை. ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாலும் அது புது வழிதான்.

தேருக்கு ஊருக்குப் போய்விட்டு ஒன்பது நாள் கழித்துத் திரும்பினேன். ஏழே முக்காலுக்கு டோக்கனை நீட்டினேன். காபிக்காரர் பாலைத் தூக்கியபடியே கேட்டார்: “ஊரிகெ ஹோகித்ரா?”

ஊருக்குப் போயிருந்தீர்களா என்கிறார். கன்னடத்திலும் ஊர் ஊருதான். “ஹௌது” என்றேன், ஆமாம் என்று.