சென்னையில் வீட்டு மழைநீர் விதிகள்: மண்ணுக்கு எது, வடிகாலுக்கு எது

சென்னையில் தெருவோரம் ஓடும் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் ஒன்றல்ல. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; அதில் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. அதில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பக்கத்து ஏரிக்கோ கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய்விடும். வீட்டு வாசலில் கார் கழுவிய சோப்புத் தண்ணீரும் அதில்தான் சேர்கிறது. சோப்பிலும் கழிவுநீரிலும் உள்ள சத்துகளைத் தின்றுதான் ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. கொரட்டூர், வேளச்சேரி ஏரிகளில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அதனால் வீட்டுக்காரருக்கான விதியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: உங்கள் மனையில் பெய்யும் மழை முதலில் உங்கள் மனையிலேயே இறங்க வேண்டும். மிஞ்சுவது மட்டும் வடிகாலுக்கு. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வடிகாலுக்குப் போகக் கூடாது.

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது 2003-இல் வந்த சட்டத் திருத்தம். புது வீடு, பழைய வீடு என்ற பேதம் அதில் இல்லை. அமைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பே அமைத்துவிட்டு, செலவைச் சொத்து வரி போல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அந்தத் திருத்தம் இடம் கொடுத்தது. இப்போது புதிதாகக் கட்டுபவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. வரைபட அனுமதியின்போதே சேகரிப்பு அமைப்பைக் காட்ட வேண்டும்.

சாதாரண வீட்டுக்கு வழக்கமாகக் காட்டப்படும் அளவு, 30 செ.மீ விட்டமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள கசிவுக் குழி, அதாவது மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி. அதில் உடைந்த செங்கல்லோ கூழாங்கல்லோ நிரப்பி, மேலே 15 செ.மீ மணல் போடுவார்கள். கேட்டுக்குக் குறுக்கே 7.5 செ.மீ உயரத்தில் ஒரு குட்டிச் சுவரும் உண்டு. முற்றத்துத் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் தடுப்பது அதன் வேலை. கார் ஏற இடைஞ்சல் என்று பலர் முதலில் உடைப்பது அதைத்தான்.

இந்தக் குழி போதுமா என்று கேட்டால், பெரும்பாலும் போதாது என்பேன். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 50 மி.மீ மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர் இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் அவ்வளவு பெய்வது சென்னைக்குப் புதிதல்ல. மேலே சொன்ன குழி காலியாக இருந்தாலே 200 லிட்டரைச் சற்றுத்தான் தாண்டும். செங்கல் போட்ட பிறகு அதில் பாதிகூடத் தேறாது. மீதியெல்லாம் மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. பெசன்ட் நகர் மாதிரி மணல் பகுதியில் சமாளிக்கலாம். களிமண் பகுதியில் குழி நிரம்பி அப்படியே நிற்கும். அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் தட்டும் வரை சிமென்ட் வளைய உறை இறக்குவதுதான் வழி. 3 அடி விட்டத்தில் 15 அடி ஆழ உறை கிணறு என்றால் 3,000 லிட்டர் வரை தாங்கும். வீட்டில் பழைய கிணறு சும்மா கிடந்தால் இன்னும் நல்லது. மாடிக் குழாயை வடிகட்டி வழியாக அதில் விட்டுவிடலாம். ஆனால் சீசனின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். மாடியில் சேர்ந்த தூசியும் பறவை எச்சமும் அதோடு போகட்டும். செப்டிக் டேங்க் பக்கத்தில் குழி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், வீட்டைச் சுற்றி முழுக்க டைல்ஸ் ஒட்டுவது. சட்டப்படி குழி இருக்கும், ஆனால் தண்ணீர் அதற்கு வந்து சேராமல் வழுக்கித் தெருவுக்குப் போய்விடும். ஓர் ஓரமாவது மண்ணாக விடுங்கள்.

தப்பான இணைப்பு இரண்டு வகை. கழிவுநீர்க் குழாயை வடிகாலில் விடுவது குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். கண்டுபிடித்தால் குழாயை அடைத்து அபராதமும் போடுவார்கள். மற்றது அவ்வளவாகப் பேசப்படாதது: மாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் விடுவது. "மழைத்தண்ணிதானே சார்" என்பார்கள். அந்தக் குழாய்கள் வீட்டுக் கழிவுநீரின் அளவுக்குப் போடப்பட்டவை. ஒரு தெருவே மழையை அதில் திருப்பினால் மூடி பொங்கி, கழிவு சாலையில் ஓடி, கடைசியில் வடிகால் வழியாக ஏரிக்குத்தான் போகும். இதற்கும் அனுமதி கிடையாது.

உங்கள் தெரு வடிகாலில் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீர் விடுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். மாநகராட்சியின் 1913 எண்ணில் தெருப் பெயரோடு புகார் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். சொந்த வீட்டுக் குழியை செப்டம்பரிலேயே திறந்து பாருங்கள். மேல் மணல் சேறு பூசியிருந்தால் எடுத்துவிட்டுப் புது மணல் போட வேண்டும். மாடிக் குழாய் வாயில் இலை அடைத்திருந்தால் அதையும் எடுங்கள்.